பேச்சிலும் சிந்தனையிலும் கெட்டிக்காரனான ஏழு வயதுச் சிறுவன் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுகிறான்: எப்படி உதவுவது?

கேள்வி: இரண்டாம் வகுப்பு மாணவனின் தாய்

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்கு ஏழு வயது முடிந்து சில மாதங்கள் ஆகின்றன. ஒருமுறை கேட்ட கதையை ஒரு நிகழ்ச்சியும் விடாமல் திருப்பிச் சொல்வான். நிலா சில நாள்களில் பகலிலும் தெரிவது ஏன் என்று கேட்டு, நான் சொல்லும் விடையிலிருந்தே அடுத்த கேள்வியை எடுப்பான். மனக்கணக்கில் வகுப்பிலேயே முன்னணியில் இருக்கிறான் என்று அவனுடைய ஆசிரியையும் சொல்கிறார். ஆனால் புத்தகத்தைத் திறந்தவுடன் வேறு பிள்ளையாகிவிடுகிறான்.

வகுப்பில் மற்றவர்கள் படிப்பதைக் காதால் கேட்டே பாடத்தை மனப்பாடம் செய்துகொள்கிறான். வீட்டில் அதைப் படித்துக் காட்டும்போது குரல் நான்காம் வரியை முடித்திருக்கும். விரலோ இரண்டாம் வரியிலேயே நிற்கும். அதே சொற்களை வேறொரு தாளில் கலைத்து எழுதிக் கொடுத்தால் ஒன்றைக்கூட அடையாளம் காண்பதில்லை. 'பட்டம்' என்ற சொல்லைப் படத்துடன் காட்டினால் 'காற்றாடி' என்கிறான். படத்தைக் கையால் மறைத்தால் முதலெழுத்தை மட்டும் பார்த்து 'பழம்' என்றோ 'பம்பரம்' என்றோ ஊகிக்கிறான். 'கொடி' என்று எழுதச் சொன்னால், முதலில் 'க' எழுதி, பக்கத்தில் துணைக்காலைப் போட்டுவிட்டு, கொம்பை எங்கே வைப்பது என்று என் முகத்தைப் பார்க்கிறான். நேற்றுச் சரியாக எழுதிய சொல் இன்று அவன் நினைவில் இருப்பதில்லை.

ஆண் பிள்ளைகள் சற்று மெதுவாகத்தான் பிடித்துக்கொள்வார்கள், போகப் போகச் சரியாகிவிடும் என்று பள்ளியில் சொல்கிறார்கள். ஒவ்வொரு சொல்லையும் பத்து முறை எழுத வைக்கும்படியும் அறிவுறுத்தியிருக்கிறார்கள். உறவினர்கள் விளையாட்டுப் புத்தி என்கிறார்கள். அண்மைக்காலமாகப் புத்தகத்தை எடுத்தாலே தலை வலிக்கிறது என்கிறான். சென்ற வாரம், 'அம்மா, நான் மக்கா?' என்று கேட்டுவிட்டான். அந்தக் கேள்விக்குப் பிறகு எனக்குப் பொறுத்திருக்க மனம் வரவில்லை. இன்னும் ஓராண்டு காத்திருக்கலாமா, இப்போதே யாரிடமாவது காட்ட வேண்டுமா? கண்ணில் குறை இருக்குமா? வீட்டில் நான் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக்கூடாது? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1: சிறப்புக் கல்வி ஆசிரியை

அம்மா, காத்திருக்க வேண்டாம் என்பதே என் முதல் விடை. படிக்க வரும் குழந்தை நிறையப் படிக்கிறது, நிறையப் படிப்பதால் இன்னும் நன்றாகப் படிக்கிறது. வராத குழந்தை ஒதுங்குகிறது, ஒதுங்குவதால் மேலும் பின்தங்குகிறது. முதல் வகுப்பில் சிறிதாக இருக்கும் இடைவெளி நான்காம் வகுப்பில் எல்லாப் பாடங்களையும் பிடித்துக்கொள்வது இப்படித்தான். உதவியைத் தொடங்க எந்தச் சான்றிதழும் தேவையில்லை. கற்றல் குறைபாட்டை உறுதிசெய்ய உளவியலாளர்கள் பின்பற்றும் வரையறைகளுள் ஒன்று, 2013-இல் வெளிவந்த டி.எஸ்.எம்.-5 என்ற கையேட்டில் உள்ளது. குறிவைத்துக் கற்பித்த பிறகும் சிரமம் குறைந்தது ஆறு மாதம் நீடிக்க வேண்டும் என்று அது கேட்கிறது. ஆகவே இப்போதே முறையாகக் கற்பிக்கத் தொடங்குவது பிள்ளைக்கும் பயன்படும், பிற்பாடு மதிப்பீடு செய்பவருக்கும் பயன்படும்.

தாங்கள் எழுதியிருப்பவை டிஸ்லெக்சியா என்று அழைக்கப்படும் வாசிப்புக் குறைபாட்டை நினைவூட்டுகின்றன. நேரில் பார்க்காமல் அதுதான் என்று நான் சொல்ல மாட்டேன். எனினும் இது அறிவுக் குறைவு அன்று என்பதை உறுதியாகச் சொல்வேன். 1896-இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கில மருத்துவர், பெர்சி என்ற பதினான்கு வயதுச் சிறுவனைப் பற்றி ஒரு மருத்துவ இதழில் எழுதினார். கூர்மையான அறிவு, விளையாட்டிலும் சுறுசுறுப்பு, கணக்கிலும் குறையில்லை. ஆனால் தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதினான். பாடம் முழுவதும் வாய்வழியாகவே நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரனாக இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் கருதினார். நூற்றாண்டுக்கு மேல் கடந்தும், பெற்றோர்கள் எங்களிடம் வந்து சொல்வது ஏறத்தாழ இதே செய்திதான்.

வாசிப்பு என்பது இரண்டு திறன்களின் கூட்டு. எழுத்தை ஒலியாக்கிச் சொல்லைக் கண்டறிவது ஒன்று. அந்தச் சொற்களின் பொருளைப் புரிந்துகொள்வது மற்றொன்று. தங்கள் மகனுக்கு இரண்டாவது வலுவாக இருக்கிறது; அந்த வலுவைக் கொண்டே முதலாவதை ஈடுகட்டப் பார்க்கிறான். 'பட்டம்' என்பதைக் 'காற்றாடி' என்று படித்ததில் பொருள் சரி, எழுத்து மட்டுமே பார்க்கப்படவில்லை. கெட்டிக்காரப் பிள்ளைகளின் சிரமம் வெகுநாள் வெளியே தெரியாமல் போவதற்குக் காரணம் இந்த ஊகத் திறமைதான்.

பெரும்பாலான குழந்தைகளிடம் அடிப்படைச் சிக்கல் கண்ணில் இருப்பதில்லை. பேச்சு ஒலிகளைப் பிரித்து உணர்வதிலும், ஒலியை எழுத்தோடு விரைவாக இணைப்பதிலும்தான் இருக்கிறது. பார்வையையும் செவியையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். அது எந்தக் குழந்தைக்கும் தேவை. ஆனால் நிறக் கண்ணாடி, கண் பயிற்சி ஆகியவற்றால் டிஸ்லெக்சியா நீங்கும் என்று யாராவது சொன்னால் பணத்தைச் செலவிடாதீர்கள். அவற்றுக்குப் போதிய சான்று இல்லை என்று 2009-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பும் கண் மருத்துவர் அமைப்புகளும் கூட்டாகவே அறிவித்தன.

இனி வீட்டில் செய்ய வேண்டியது. முதலில் புத்தகமே இல்லாமல் காதுக்குப் பயிற்சி கொடுங்கள். 'தவளை'யில் முதல் ஒலியை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? 'வளை'. 'மரம்' என்பதில் 'ம' போய் 'வ' வந்தால்? 'வரம்'. 'பல்', 'பால்' இரண்டில் எது நீண்டு ஒலிக்கிறது? 'கல்', 'கால்'? 'மலை', 'மாலை'? நடந்து போகும்போதும் குளிக்கும்போதும் இதை விளையாட்டாகவே செய்யலாம். குறில் நெடில் வேறுபாடு காதில் பதியாத குழந்தைக்குத் துணைக்காலும் இரட்டைக் கொம்பும் வெறும் கோடுகளாகவே இருக்கும்.

அடுத்து எழுத்து. தமிழில் 247 எழுத்துகள் என்று சொல்லி அட்டவணையை முன்னால் வைத்தால் இந்தக் குழந்தைகள் மலைத்துப்போவார்கள். ம, ர, ல, ப, ட, க ஆகிய ஆறு எழுத்துகளையும் புள்ளியையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். படம், பட்டம், மரம், கல், பல், கடல், பகல், மலர், மடல் என்று எத்தனையோ சொற்கள் இவற்றிலேயே கிடைக்கும். அட்டையில் எழுதி வெட்டிய எழுத்துகளை அவனே நகர்த்திச் சொல்லை உருவாக்கட்டும்; ஒவ்வொன்றையும் தொடும்போது அதன் ஒலியை வாய்விட்டுச் சொல்லட்டும். தங்கள் மகனுக்கு மனப்பாடத் திறன் மிகுதி என்பதால் 'ரமல்', 'லபடம்' போன்ற பொருளற்ற சொற்களையும் இடையிடையே கலந்து, அவை வேற்றுக் கோளில் வாழ்பவர்களின் பெயர்கள் என்று சொல்லிப் படிக்கச் சொல்லுங்கள். ஊகிக்க வழியில்லாத இடத்தில்தான் அவன் உண்மையில் எழுத்தைப் பார்க்கிறானா என்பது தெரியும்.

'படம்' என்பதில் மெலிந்து ஒலிக்கும் 'ட', 'பட்டம்' என்பதில் வலித்து ஒலிப்பது ஏன் என்று இத்தகைய பிள்ளை கட்டாயம் கேட்பான். கேட்டால் மழுப்பாமல் விதியைச் சொல்லிவிடுங்கள். வல்லின எழுத்து சொல்லின் தொடக்கத்திலும் இரட்டித்து வரும்போதும் வன்மையாக ஒலிக்கும். இரண்டு உயிரொலிகளுக்கு நடுவில் தனித்து வரும்போதும் மெல்லினத்தை அடுத்து வரும்போதும் மென்மையாக ஒலிக்கும். விதி தெரிந்தால் இவர்களுக்குப் பிடிப்பு வந்துவிடும். நமக்குச் சொல்லாமலே விளங்கியவற்றையெல்லாம் இவர்களுக்குச் சொல்லித்தான் தர வேண்டும்.

'கொடி' எழுதும்போது அவன் தடுமாறுவதற்கும் காரணம் இருக்கிறது. காதில் முதலில் விழுவது 'க்'. அதன் பிறகே 'ஒ'. தாளில் கொம்பு முன்னால், 'க' நடுவில், கால் பின்னால். ஒலியின் வரிசையும் எழுத்தின் வரிசையும் இங்கே பிரிகின்றன; அவன் ஒலியின் வரிசைப்படி எழுதப் பார்த்திருக்கிறான். ஆகவே கொம்பு வரும் எழுத்துகளைக் கடைசியாக வைத்துக்கொண்டு, முதலில் துணைக்கால் வரிசையை மட்டும் பல வாரம் பழக்குங்கள். அது உறுதியான பிறகு 'கெ, கே, கை' வரிசை, அதற்கும் பிறகு 'கொ, கோ'. கொம்பை மட்டும் வேறு நிறத்தில் எழுதுவது தொடக்கத்தில் உதவும்.

நாளொன்றுக்கு இருபது நிமிடம் போதும். ஆனால் நாள்தோறும் வேண்டும். அதில் முதல் சில நிமிடம் நேற்றைய எழுத்துகளுக்கே. நேற்றுத் தெரிந்தது இன்று மறந்துபோவது இவர்களுக்கு இயல்பு. அதைப் பார்த்து முகம் சுளிக்காமல், முதல் நாள் போலவே மீண்டும் சொல்லிக் கொடுக்கும் பொறுமைதான் இந்தப் பயிற்சியின் உயிர்நாடி.

பத்து முறை எழுதுவதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஒலியைச் சொல்லாமல் பார்த்து எழுதினால் மூன்றாம் முறையிலிருந்து அது கோடு வரையும் வேலையாகிவிடுகிறது. பிழையாக எழுதினால் பிழையே பத்து முறை பதிகிறது. அதற்குப் பதிலாக, ஒவ்வோர் ஒலியையும் சொல்லிக்கொண்டே இரண்டு முறை எழுதி, மூன்றாம் முறை பார்க்காமல் எழுதச் செய்யுங்கள்.

மறுமொழி 2: எட்டாம் வகுப்பு மாணவியின் தந்தை

சகோதரி, என் மகளும் இதே வழியில்தான் வந்தாள். மேலே ஆசிரியை கற்பிக்கும் முறையை விரிவாகச் சொல்லிவிட்டதால், வீட்டுச் சூழலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

மகன் கேட்ட கேள்விக்கு விடை தேவைப்படுகிறது, அதைத் தள்ளிப்போடாதீர்கள். 'அப்படியெல்லாம் சொல்லக்கூடாது' என்று வாயை அடைத்தால், அம்மாவும் அப்படித்தான் நினைக்கிறாள், சொல்லத்தான் மாட்டேன் என்கிறாள் என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும். நாங்கள் மகளிடம் இப்படிச் சொன்னோம்: 'எழுத்தைப் பார்த்தவுடன் அதன் ஒலி நினைவுக்கு வருவதற்கு உனக்கு மற்றவர்களைவிட அதிக நேரம் ஆகிறது. இது பலருக்கும் உண்டு. அறிவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. இதற்கென்று படிக்கும் முறை ஒன்று இருக்கிறது. அதை நாம் சேர்ந்து செய்வோம்.' அன்று அவள் முகத்தில் தெரிந்த நிம்மதியை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். காரணம் தெரிந்துவிட்டால் குழந்தை தன்னைப் பழித்துக்கொள்வதை நிறுத்திவிடுகிறது. குடும்பத்தில் வேறு யாருக்காவது சிறு வயதில் இதே சிரமம் இருந்ததா என்றும் விசாரியுங்கள். இது பரம்பரையாகவும் வருவதுண்டு. என் மகளுக்கு அவளுடைய சித்தப்பாவின் கதையைச் சொன்னது எத்தனையோ அறிவுரைகளைவிட அதிகம் பயன்பட்டது.

இரண்டாவது, படிக்கக் கற்றுக்கொள்ளும் நேரத்தையும் அறிவுக்குத் தீனி போடும் நேரத்தையும் பிரித்துவிடுங்கள். அவன் எழுத்துக் கூட்டிப் படிக்கக்கூடியது 'மரம், கடல்' அளவிலேயே இருக்கும். அவன் அறிவோ நிலாவைப் பற்றிக் கேட்கிறது. அவன் வயதுக்கும் ஆர்வத்துக்கும் ஏற்ற புத்தகங்களைத் தாங்கள் வாசித்துக் காட்டுங்கள், ஒலிப்புத்தகங்களையும் கேட்கச் செய்யுங்கள். அப்படிக் கேட்பது சோம்பேறித்தனத்தை வளர்க்கும் என்று சிலர் பயமுறுத்துவார்கள், பொருட்படுத்த வேண்டாம். நாம் வீட்டில் பேசுவது ஒரு தமிழ், புத்தகத்தில் இருப்பது வேறொரு தமிழ். 'வந்திருக்கிறார்கள்' என்ற சொல்லைக் காதால் பலமுறை கேட்டிராத குழந்தை அதைத் தாளில் எப்படி அடையாளம் காணும்? வாசித்துக் காட்டுவதன் வழியாகத்தான் அந்த நடை காதில் ஏறுகிறது. இதே காரணத்தால், 'வீட்டில்' என்று இருப்பதை அவன் 'வீட்ல' என்று படித்தால் பிழையாகக் கணக்கிடாதீர்கள். எழுத்தைக் கூட்டி, பொருளைப் பிடித்து, தன் வாய்மொழியில் சொல்லியிருக்கிறான், அது படிப்புதான்.

பள்ளியில் பேசும்போது 'என் பிள்ளைக்குக் குறைபாடு இருக்கிறது' என்று தொடங்காமல், மூன்று கோரிக்கைகளை எழுத்தில் கொடுங்கள். முன்னறிவிப்பின்றி வகுப்பில் எழுப்பிவிட்டு வாசிக்கச் சொல்ல வேண்டாம். தெரிந்த விடையை வாயால் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். கரும்பலகையைப் பார்த்து எழுதும் வேலையைக் குறைக்க வேண்டும். எங்களுக்கு முதல் ஆசிரியர் ஒத்துழைக்கவில்லை. அடுத்த ஆண்டு வந்தவர் முழு மனத்தோடு ஒத்துழைத்தார். அந்த ஓராண்டில் மகள் பெற்ற தன்னம்பிக்கை இன்று வரை அவளோடு இருக்கிறது.

மறுமொழி 3: கேள்வி கேட்ட தாய்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பெர்சியின் கதையை அவனுக்குச் சொன்னேன். 'அவன் பிறகு படித்தானா?' என்று கேட்டான். அந்தக் காலத்தில் கற்பிக்கும் முறையை யாரும் கண்டுபிடித்திருக்கவில்லை, இப்போது இருக்கிறது என்று சொன்னேன். ஆறு எழுத்துகளை அட்டையில் வெட்டி வைத்திருக்கிறோம். 'மடல்' என்ற சொல்லை அவனே கூட்டிப் படித்தான்.

இன்னும் இரண்டு ஐயங்கள். ஆங்கிலமும் சேர்ந்து வருவதால்தான் குழம்புகிறான், ஒரு மொழியை நிறுத்திவிடுங்கள் என்று உறவினர் ஒருவர் வற்புறுத்துகிறார். அது சரியா? மேலும், அவன் கையெழுத்தும் மிக மோசமாக இருக்கிறது. பென்சிலை அழுத்திப் பிடித்து இரண்டு வரி எழுதுவதற்குள் கை வலிக்கிறது என்கிறான். இதுவும் அதே சிக்கலின் பகுதியா?

மறுமொழி 4: இதே சிரமத்துடன் வளர்ந்த ஒருவர்

வணக்கம் அம்மா. நான் மென்பொருள் துறையில் பணிபுரிகிறேன். இன்றும் மெதுவாகத்தான் படிப்பேன். நீண்ட அறிக்கைகளைக் கணினியே வாசித்துக் காட்டும்படி வைத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

முதல் மறுமொழியில் உள்ள ஒன்றுடன் மட்டும் சற்று மாறுபடுகிறேன். நாள்தோறும் என்பது சரிதான். ஆனால் பள்ளி முடிந்து வந்த உடனே அந்த இருபது நிமிடத்தை வைக்காதீர்கள். மற்றப் பிள்ளைகள் சாதாரணமாகச் செய்யும் வேலைக்கு எங்களுக்கு இருமடங்கு உழைப்புத் தேவைப்படுகிறது. மாலையில் நாங்கள் சோர்ந்து களைத்து வருகிறோம். அந்தத் தலைவலி நடிப்பாக இருக்க வேண்டியதில்லை. விளையாடிவிட்டு வந்த பிறகோ காலையிலோ உட்காருங்கள். அவன் எதில் கெட்டிக்காரனோ அதை, படிப்பு முடிந்தால்தான் என்று நிபந்தனையாக்கிப் பறித்துவிடாதீர்கள். எனக்கு எதையாவது கழற்றிப் பூட்டும் நேரம் ஒன்றுதான் நானும் திறமைசாலி என்று உணர்ந்த நேரம்.

மறுமொழி 5: சிறப்புக் கல்வி ஆசிரியை

மாலை நேரத்தைப் பற்றி மேலே அன்பர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன்.

இரண்டு மொழிகளால் டிஸ்லெக்சியா வருவதில்லை. உண்மையான குறைபாடு இருந்தால் அது பொதுவாக இரு மொழி வாசிப்பிலும் தெரியும். ஒன்றில் மட்டுமே சிரமம் என்றால் அந்த மொழியில் போதிய பழக்கம் இல்லை என்றே பெரும்பாலும் பொருள். ஆகவே பேசுவதில் எதையும் நிறுத்த வேண்டாம். ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்குப் பல ஒலிகளும் ஒரே ஒலிக்குப் பல எழுத்துக்கூட்டல்களும் இருப்பதால் அங்கே தடுமாற்றம் கூடுதலாக இருக்கும். எழுத்துக்கும் ஒலிக்கும் ஒழுங்கான உறவுள்ள தமிழில் ஒலிகளைக் கூட்டும் திறன் முதலில் உறுதிப்பட்டால், அது ஆங்கிலத்துக்கும் கைகொடுக்கும்.

கையெழுத்துச் சிக்கல் வாசிப்புச் சிக்கலோடு சேர்ந்தும் வரும், தனியாகவும் வரும். எது எனத் தெரிந்துகொள்ள எளிய வழி இருக்கிறது. அவனுக்கு நன்றாகத் தெரிந்த சொல்லை வெட்டிய எழுத்துகளால் அடுக்கச் சொல்லுங்கள். பிறகு அதையே பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். அட்டையில் சரியாக அடுக்கிவிட்டுத் தாளில் மட்டும் திணறினால் சிக்கல் கையில் இருக்கிறது. இரண்டிலும் திணறினால் எழுத்துக்கூட்டலில் இருக்கிறது. கையில் என்றால், எழுதுவது போன்ற அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் தொழில்வழிச் சிகிச்சையாளர் ஒருவரைப் பார்ப்பது நல்லது. அதுவரை கட்டையான பென்சில், அகலமான வரியிட்ட தாள், மணலிலும் காற்றிலும் பெரிதாக எழுதிப் பார்ப்பது ஆகியவை உதவும். எழுத்துப் பயிற்சியையும் கதை எழுதுவதையும் ஒரே நேரத்தில் வைக்காதீர்கள். அவன் கதையை அவன் சொல்லட்டும், தாங்கள் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு தன் கதையையே அவன் மீண்டும் மீண்டும் படிக்கலாம். முதல் முறை தட்டுத் தடுமாறிப் படித்ததை நான்காம் முறை சரளமாகப் படிக்கும்போது அந்த மாற்றம் அவனுக்கே தெரியும்.

ண, ன, ந வேறுபாட்டையும் ல, ள, ழ வேறுபாட்டையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். பெரியவர்களும் தடுமாறும் இடம் அது. அதை வைத்துக் குறைபாட்டைத் தீர்மானிக்கவும் முடியாது. எழுத்தைத் திருப்பி எழுதுவதும் ஏழு வயது வரை பல குழந்தைகளிடம் காணப்படுவதுதான்.

ஒரு குறிப்பேட்டில் தேதியிட்டு, அன்று எந்தச் சொற்களைப் படித்தான், எதை எதாகப் படித்தான், எதை எப்படி எழுதினான் என்பதை அவன் எழுதியவாறே குறித்து வாருங்கள். திருத்தியதை அல்ல, அவன் முதலில் எழுதியதை. ஆறு மாதத்தில் எதிர்பார்த்த முன்னேற்றம் இல்லையெனில், அந்தக் குறிப்பேட்டையும் பார்வை, செவிச் சோதனை முடிவுகளையும் எடுத்துக்கொண்டு மருத்துவ உளவியலாளரிடம் முழு மதிப்பீட்டுக்குச் செல்லுங்கள். அவன் மனநிலை இப்போதே சோர்ந்துபோகிறது என்று தோன்றினால் அந்த ஆறு மாதமும் பார்க்க வேண்டாம். மதிப்பீட்டுக்கு இன்றே பதிவுசெய்துவிட்டு, பயிற்சியையும் தொடருங்கள். மதிப்பீட்டின் முடிவில் ஒரு பெயரை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பாமல், எந்த ஒலிகளில் தடுமாறுகிறான், எந்த எழுத்து வரிசையிலிருந்து தொடங்க வேண்டும், தேர்வில் கூடுதல் நேரம் பெறத் தகுதி உண்டா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.